ஆள்காட்டி: நேசமக்காவும் நான் விட்ட ஒரு சொல்லும்

செய்தி தொலைபேசியில் வந்தது. காலை ஒன்பதரை மணி இருக்கும். கோலியர்ஸ் வுட் நிலையத்துக்கு வெளியே பேருந்துக்காக நின்றிருந்தேன். அழைத்தவர் குகன். "அண்ணை, அக்கா போட்டா," என்றார்.

நான் தூத்துக்குடிக்காரன். லண்டன் தமிழ்ப் பத்திரிகைகளில் யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பாதி வாழ்க்கையைக் கழித்திருந்தாலும், பதற்றத்தில் என் காது என் ஊர்த் தமிழில்தான் கேட்கும். "எதைப் போட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். "போட்டா அண்ணை. விடிய அஞ்சு மணி போலை, ஆஸ்பத்திரியிலை," என்றார் குகன். அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பேச்சில் 'போட்டா' என்றால் போய்விட்டார் என்று பொருள்.

இதைக் கேட்டிருந்தால் நேசமக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். "நான் செத்ததையும் இந்தப் பேப்பர்த் தம்பிக்கு ஒருத்தர் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிக் கிடக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். அவர் தம்பி என்று கூப்பிட்டவர்களில் நான் ஒருவன். பத்திரிகைக்காரன் என்பதால் பேப்பர்த் தம்பி.

கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் அவரை அறியாதவர்கள் குறைவு. நேசமலர் என்ற முழுப்பெயர் தபால் பிரிப்பு நிலையத்து அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அங்கே அவர் ஓய்வுபெறும்வரை விடிகாலை ஷிப்ட் பார்த்தார். மனிதர் நடமாட்டம் தொடங்கும் முன் வேலைக்கு நடந்து போகிற அந்த அரை மணி நேரத்தில்தான் இங்கிலாந்தின் வசந்தகாலப் பறவைகள் அவருக்குப் பழக்கமாயின. கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் அறிந்தார். ஆங்கிலப் பெயர்களைப் பிறகு படித்துக்கொண்டார். ஆனால் தாம் வைத்த பெயர்களை விடவில்லை. இங்கே எல்லாத் தோட்டத்திலும் மார்ச் மாதம் கிரீச் கிரீச் என்று கத்துகிற மஞ்சள் வயிற்றுச் சிட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் அவருக்குக் 'கிணத்துக் கப்பி'. "எண்ணெய் விடாத கப்பி மாதிரித்தானே கத்துது? பிறகென்ன?" என்பார். நான் மறுத்துப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்தக் குரல் கேட்டபோது எனக்கும் கப்பிதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, சனிக்கிழமைகளில், ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு எஸ்ஸெக்ஸ் பக்கத்து வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் போவார். வேன் சோதி அண்ணையுடையது. அவரும் ஓய்வுபெற்றவர், பறவைகளில் ஆர்வமில்லை, வேன் ஓட்டுவதிலும் சாப்பாட்டிலும் ஆர்வம் உண்டு. முதல்முறை நான் செம்மஞ்சள் நிற மழைச்சட்டையோடு போனேன். நேசமக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதென்ன, தேர்த் திருவிழாவுக்கே வந்தனீர்? நீர் வாறீர் எண்டு அடுத்த மாவட்டத்திலை இருக்கிற வாத்துக்கும் தெரிஞ்சிருக்கும்." வேனில் கிடந்த பழைய சாம்பல் நிறக் கோட்டை எடுத்து என் கையில் தந்தார். அன்றிலிருந்து குழுவின் அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவது என் வேலையாயிற்று. அவர் அதைப் பார்ப்பதேயில்லை. "கண்ணாடி தேடிப் போட்டு உதை வாசிக்கிற நேரத்துக்கு ஒரு குருவியைப் பாக்கலாம்," என்பார்.

இனி நான் எழுதப்போவது அவரை அறிந்தவர்களில் பலருக்கும் தெரியாதது. அவர் உயிரோடிருந்தவரை என்னை எழுத விடவில்லை. நடந்தது நான்கு வசந்தங்களுக்கு முன், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. பிழை என்னுடையது.

முதலில் குகனைப் பற்றி. அது அவருடைய உண்மைப் பெயரல்ல. அவர் கேட்டபடி மாற்றியிருக்கிறேன். அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். அகதி விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதியில்லை. பகல் முழுவதும் ஒரு பூங்காவின் குளத்தருகே உட்கார்ந்திருப்பார். அங்கேதான் நேசமக்கா அவரைப் பிடித்தார். "சும்மா இருக்கிறீர்தானே, இருந்துகொண்டு எண்ணும்," என்று தம்முடைய பழைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டாராம். குகன் எண்ணினார். ஒரு வாரத்தில் குளத்து வாத்துகள் ஒவ்வொன்றையும் அடையாளம் சொன்னார். எங்களோடு மூன்று முறை வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவருடைய மேன்முறையீட்டு விசாரணை. அதுதான் கடைசி வாய்ப்பு என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். "வீட்டிலை இருந்து யோசிச்சு யோசிச்சு விசராகாமல் வா," என்று நேசமக்காதான் அவரை வற்புறுத்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை நேசமக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நான் இண்டைக்குப் போய்ப் பாத்தனான். ஆட்காட்டி முட்டை இட்டிருக்கு. எல்லாரையும் நாளைக்கு வரச்சொல்லிப் போடும். இடத்தை மட்டும் வெளியிலை விடாதையும். படம் எடுக்கிற கூட்டம் வந்து மிதிச்சுப்போடும்."

அவர்கள் ஆட்காட்டி என்பார்கள். என் ஊரில் ஆள்காட்டி. ஆள் நடமாட்டத்தைக் கண்டால் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை. நம் ஊரில் இருப்பதற்குக் கண்ணருகே சிவந்த சதை இருக்கும். இங்கிலாந்தில் இருப்பதற்குத் தலையில் மெல்லிய கொண்டை. இங்கே வயல்களில் வெகுவாகக் குறைந்துவிட்ட பறவை அது. வெறும் தரையில் முட்டையிடும்.

நான் எழுதிப் போட்ட செய்தியை அப்படியே தருகிறேன். இன்றும் என் தொலைபேசியில் இருக்கிறது. "நாளை ஆள்காட்டியை எல்லோருக்கும் காட்டப்போகிறோம். இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. வெளியில் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். தவறாமல் வரவும்."

கொஞ்சம் சுவாரசியமாக இருக்கட்டும் என்று எழுதினேன். தலைப்புப் போட்டுப் பழகிய கை. தூத்துக்குடியில் ஆள்காட்டி என்றால் ஒரு குருவி, அல்லது ஒரு விரல், வேறெதுவும் இல்லை. மேசையில் என் எதிரே இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பர்கள் வேறொரு பொருளில் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வேன் போய்ச் சேர்ந்தது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து பார்த்தால் முன்னால் ஈரமான பெரிய மேய்ச்சல் நிலம். அதன் மறுகோடியில், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான மண்ணணை. அணைக்கு அப்பால் உப்புச் சதுப்பு. அதற்கும் அப்பால் தேம்ஸ் கடலோடு சேரும் அகன்ற வாய். வேலிப் புதர்கள் இலை விடுவதற்கு முன்பே வெள்ளையாகப் பூத்திருந்தன. வானம்பாடி ஒன்று மேலே எங்கோ நின்று பாடிக்கொண்டிருந்தது. நேசமக்கா டெலஸ்கோப்பைக் கால்களில் நிறுத்திக்கொண்டே ஆட்களை எண்ணினார். "எல்லாரும் வந்தாச்சே? ஓம், குகனும் வந்திட்டான். அப்ப சரி. இனி ஆளைக் காட்டலாம்."

எல்லோரும் சிரித்தோம். குகன் சிரித்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

எட்டு முப்பத்தைந்துக்கு நேசமக்கா திரும்பிப் பார்த்தார். "எங்கை குகன்?"

"இப்ப இதிலை நிண்டவன். ரொய்லட்டுக்கெண்டு போனவன்," என்றார் சோதி அண்ணை.

கழிப்பறையில் போய்ப் பார்த்தோம். இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடித்தபோது வேனுக்குள் சத்தம் கேட்டது. போன் இருக்கையில் கிடந்தது. பக்கத்தில் நேசமக்கா கொடுத்த பைனாகுலர், வார் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

சோதி அண்ணை அந்தப் பைனாகுலரைப் பார்த்ததும் முகம் மாறினார். "அக்கா, ஒரு விசயம். சொல்லுறதோ விடுறதோ எண்டு நேற்றுத் தொடக்கம் யோசிச்சனான்."

"சொல்லித் துலை."

"இவன்ரை ஊர் எங்கடை ஊருக்குப் பக்கம். சண்டை முடிஞ்ச நேரம் முகாமிலை ஆமிக்காரர் சனத்தை வரிசையிலை விட்டவங்களெல்லே. தலையிலை சாக்கைப் போட்டுக்கொண்டு இருந்து, ஆக்களைப் பாத்துத் தலையாட்டிக் காட்டிக் குடுத்தது இவன் எண்டு ஊரிலை ஒரு கதை. மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆனால் தம்பி போட்ட மெசேஜ்..." என்னைப் பார்த்தார். "தம்பி, எங்கடை ஆக்களுக்கு ஆட்காட்டி எண்டால் குருவி மட்டும் இல்லை. ஆளைப் பிடிச்சுக் குடுக்கிறவன்."

நேசமக்கா கையை நீட்டினார். என் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். மீண்டும் ஒருமுறை வாசித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "குருவி எண்டு போடேல்லை."

என் ஊரில் ஆள்காட்டிக் குருவி என்றுதான் முழுதாகச் சொல்வோம். அந்தச் சொல்லை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன், ஒரு சிறு மர்மம் இருக்கட்டும் என்று. அது இல்லாத அந்த வாக்கியங்களை, அவர் கையிலிருந்த போனில் இப்போது நானும் வாசித்தேன். காட்டப்போகிறோம். இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. தவறாமல் வரவும்.

"கடல் எத்தனைக்கு ஏறுது?" என்று கேட்டார் நேசமக்கா. பார்த்துச் சொன்னேன். பத்தே காலுக்கு முழு ஏற்றம். அந்தச் சதுப்பைப் பற்றி அவர் எங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார். அங்கே நீர் முன்னாலிருந்து வராது. நடுவே ஓடும் ஓடைகள் வழியாகப் பின்னால் வரும். ஒருவன் நதியைப் பார்த்துக்கொண்டு நின்றால், திரும்பும்போது வந்த வழி இருக்காது.

"பொலிசுக்குப் போன் அடிப்பமோ?" என்றார் சோதி அண்ணை.

"சீருடையைக் கண்டால் அவன் எந்தப் பக்கம் போவான்? யோசிச்சுப் பார். ஒன்பதே காலுக்கு நான் அணையிலை நிண்டு கையைத் தூக்கேல்லையெண்டால் அடி. கரைக் காவலுக்கும் அடி. அதுக்குப் பிறகு ஒரு நிமிசமும் பாக்காதை."

அந்த முடிவு சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. நாற்பது நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. நானாக இருந்தால் உடனே அழைத்திருப்பேன்.

அவர் அதன்பின் செய்த காரியம் எனக்கு எரிச்சலூட்டியது. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "அக்கா, இப்பப் போய் குருவி பாக்கறீங்களா?" என்றேன்.

"பேசாமல் நில்லும்."

மேய்ச்சல் நிலத்தின் இடக்கோடியில் நாலைந்து ஆள்காட்டிகள் எழும்பிக் கத்திக்கொண்டிருந்தன. அகன்ற, நுனி மழுங்கிய சிறகுகள். ஏதோ ஒன்றின் மேல் சரிந்து சரிந்து விழுந்தன. "காகமெண்டால் விரட்டிக்கொண்டு மேலை போகும். நரியெண்டால் நேரை தலையிலை அடிக்கும். இது வட்டம் போடுது. மனிசன்," என்றார். பிறகு வலப்பக்கத்தில் இன்னும் இரண்டு எழும்பின; முதலில் எழுந்தவை இறங்கின. "வேலியோடை போறான். அணைப் பக்கம்." சிறிது நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டன. நிலம் அமைதியானது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. நேசமக்கா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அணைக்கு அப்பாலிருந்து வேறொரு குரல், மெல்லிய கூர்மையான சீழ்க்கை, விடாமல் வந்தது. "செங்காலன். அது உப்புச் சதுப்பிலை இருக்கிற குருவி. அவன் அணையைத் தாண்டிட்டான்."

நான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு நிலத்தின் குறுக்கே ஓடத் தொடங்கினேன். நேர்கோட்டில் பத்து நிமிடம் போதும். அணையைச் சுற்றிப் போனால் இருபது நிமிடத்துக்கு மேல். என் பையின் வாரை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். எழுபதை நெருங்கிய பெண்ணுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"உதாலை போகேலாது. கால் வைக்கிற இடமெல்லாம் முட்டை."

"முட்டை முக்கியமா, ஆளு முக்கியமா?" என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

"கத்தாதையும், கேளும். உதாலை ஓடினால் இவ்வளவு குருவியும் எழும்பிக் கத்தும். அவன் திரும்பிப் பாப்பான். ஆர் ஓடி வாறது? மெசேஜ் போட்ட ஆள். அவன் இன்னும் அங்காலை போவான். அங்காலை என்ன இருக்கு?"

நான் வேலிக் கதவைச் சாத்தினேன்.

"பறவையிட்டைப் போகேக்கை மறைஞ்சு போகவேணும். மனிசனிட்டைப் போகேக்கை தெரியப் போகவேணும். வாரும்."

அணையின் மேல் ஏறியதும் அவர் தம் பச்சைக் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். உள்ளே சிவப்புக் கம்பளிச் சட்டை. அந்தக் குளிர்காற்றில், அணையின் உச்சியில், எல்லாப் பக்கமும் தெரியும்படி நடந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வழக்கமாக நடக்கிற நடை. டெலஸ்கோப்பை முக்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு நான் பின்னால். வலப்பக்கம் சதுப்பில் ஓடைகள் மினுங்கத் தொடங்கியிருந்தன. ஐந்து நிமிடத்துக்கு முன் சேறாக இருந்த இடம் இப்போது நீராக இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பத்தேழு.

முதலில் கண்டது நேசமக்கா. சதுப்பில் நூறு மீட்டர் உள்ளே, ஓர் ஓடைக்கு மறுபக்கம், புல் மேட்டில் குகன் நின்றார். முதுகு எங்களுக்கு. முகம் நதியின் பக்கம். அவர் நின்ற மேட்டைச் சுற்றி நீர் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்ததா, தெரிந்தும் நின்றாரா என்று சொல்ல முடியவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.

"கூப்பிடாதையும்," என்றார் நேசமக்கா. பிறகு உரத்த குரலில், என்னைப் பார்த்து, ஊரே கேட்க ஏசத் தொடங்கினார். "பேப்பர்த் தம்பி! நீர் எத்தனை வருசமாப் பேப்பரிலை எழுதுறீர்?"

எனக்குப் புரியவில்லை.

"சொல்லும், சத்தமாச் சொல்லும்! நேற்று நீர் எழுதினதிலை என்ன சொல்லை விட்டனீர்?"

புரிந்தது. "குருவி," என்றேன்.

"காத்திலை அது எனக்கே கேக்கேல்லை!"

"குருவி!" என்று கத்தினேன். "ஆள்காட்டிக் குருவி! குருவின்னு போட மறந்துட்டேன்! முட்டை போட்டிருக்கிற குருவி! தப்பு என்னோடது!" சதுப்பு முழுவதும் என் குரல் போனது. எங்கெங்கோ இருந்த செங்காலன்கள் எழுந்தன. வாழ்க்கையில் நான் எழுதிய எந்தச் செய்தியையும் அவ்வளவு ஆசையோடு யாராவது கேட்கவேண்டும் என்று விரும்பியதில்லை.

குகனின் தலை மட்டும் திரும்பியது. உடல் திரும்பவில்லை.

நேசமக்கா அணைச் சரிவில், புல்லின் மேல், காலை நீட்டி உட்கார்ந்தார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் தேநீர் ஊற்றினார். ஒன்பது மணி நான்கு நிமிடம். "குகன், தேத்தண்ணி ஆறுது," என்றார். வீட்டு முற்றத்தில் நிற்பவரைக் கூப்பிடும் குரல். மேலும் ஒன்றும் சொல்லவில்லை. குகனையே பார்த்துக்கொண்டு இருக்கவும் இல்லை. நதியில் போன ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மூடியைப் பிடித்திருந்த கையில் தேநீர் தளும்பி விரல்களில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த இடைவெளியை மட்டும் நான் அளக்கவில்லை. குகன் திரும்பி ஓடைக்கரைக்கு வந்தார். ஓடையைப் பார்த்தார். அவர் தாண்டி வந்தபோது கணுக்கால் அளவு இருந்திருக்கும். இப்போது இடுப்பளவு.

"உதாலை வராதை!" நேசமக்கா எழுந்துவிட்டார். "வந்த வழியை விடு. இடக்கைப் பக்கம் நட. உயரமாப் புல்லு நிக்குது பார், அதிலை அடித்தரை இறுக்கம். ஓம், அதாலை. அவசரப்படாதை. காலைப் பரப்பி வை." என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, டெலஸ்கோப்புக் காலைக் கொண்டு இறங்கும்," என்றார். நான் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. முக்காலியை நீட்டினேன். குகன் தொடையளவு நீரில் வந்தார். நடுவில் ஒருமுறை சரிந்து முழுதாக அமிழ்ந்தார். எழுந்தபோது முக்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தார். இழுத்தேன். மேலே நேசமக்கா வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றார், தூரத்தில் வேனுக்கருகே நின்ற சோதி அண்ணைக்குத் தெரியும்படி. ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்.

குகன் தேநீரைக் குடித்தார். பல் மூடியில் அடித்துக்கொண்டிருந்தது. நேசமக்கா தம் கோட்டை அவருக்குப் போட்டுவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதி வழியில் குகனே சொன்னார். "வராமல் விட்டால் நான்தான் அந்த ஆட்காட்டி எண்டு ஆகிடும் எண்டுதான் வந்தனான் அக்கா."

"ஓம்," என்றார் அவர்.

திரும்பி வந்ததும், ஈர உடையோடு இருந்தவரை முதலில் வேனுக்குள் அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. டெலஸ்கோப்பைத் திரும்ப நிறுத்தி, சரிசெய்து, குகனின் தோளைப் பிடித்து அதன் முன் நிறுத்தினார். "இதுதான் ஆள். பார்."

குகன் வெகுநேரம் பார்த்தார். "கொண்டை வைச்சிருக்கு," என்றார் கடைசியில். "கிடக்கிற இடம் தெரியாமல் கிடக்கு."

வேன் லண்டன் நோக்கிப் புறப்பட்டது. நேசமக்கா முன் இருக்கையிலிருந்து என்னைக் கேட்டார். "பேப்பரிலை பிழை விட்டால் என்ன செய்வீர்?"

"திருத்தம் போடுவோம்."

"எங்கை?"

"உள்பக்கத்துல. கீழ, சின்னதா."

"இதை மேலை போடும். பெரிசா. இப்பவே."

போட்டேன். அதுவும் என் தொலைபேசியில் இருக்கிறது. திருத்தம் என்று தொடங்கி மூன்று வரி. குருவி என்ற சொல் அதில் நான்கு முறை வருகிறது.

திங்கட்கிழமை குகன் விசாரணைக்குப் போனார். அவருடைய ஒரே நல்ல சப்பாத்து உப்புநீரில் ஊறியிருந்ததால் சோதி அண்ணையின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஓர் அளவு பெரிது. இலையுதிர்காலத்தில் இங்கே தங்க அனுமதி கிடைத்தது. இப்போது ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறார்.

நான் இதை எழுத விரும்பினேன். ஒரு செய்தியாளன் கண்முன் நடந்த கதை. மே மாதம் நேசமக்காவிடம் கேட்டேன். "ஏலாது," என்றார். "உமக்கு நல்ல கதை. அவனுக்கு அது இன்னொரு மெசேஜ்." நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. அதைச் சில ஆண்டுகள் வைத்திருந்து, இந்த மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோதுதான் கேட்டேன். மிகவும் மெலிந்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்று தாதியரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். முகாமில் நடந்ததாகச் சொன்ன அந்தக் கதை உண்மையா, குகன் உங்களிடம் எப்போதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"நான் கேக்கேல்லை."

"ஒருமுறைகூடவா?"

"அண்டைக்கு எனக்குத் தெரியவேண்டி இருந்தது அவன் எங்கை நிக்கிறான் எண்டது மட்டும்தான். அது தெரிஞ்சுது." சற்று மூச்சு வாங்கினார். "நீர் கேட்டனீரோ அவனிட்டை?"

"இல்லை."

"நல்லது," என்றார். பிறகு ஜன்னலைத் திறக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். பூட்டியிருந்தது. திறக்க முடியவில்லை.

தகனம் முடிந்து வெளியே நின்றபோது குகன் என்னிடம் வந்தார். "அண்ணை, எழுதுங்கோ," என்றார். "என்ரை பேரை மட்டும் மாத்துங்கோ. அந்தச் சொல்லை மாத்தாதேங்கோ." அந்தக் கதை மெய்யா பொய்யா என்று அப்போதும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுத் தொழிலில் கேட்காமல் விட்ட கேள்விகள் எனக்கு மிகச் சில. அவற்றில் இதைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தமில்லை.

செய்தியாளன் வேலையில் துக்கம் நடந்த வீட்டுக் கதவைத் தட்டுவதும் ஒன்று. இளமையில் எனக்கு அதில் ஒரு திறமை இருந்தது. அவர்கள் யோசிக்கும் முன் வாசலில் நிற்பேன். இப்போது அப்படிப் போவதில்லை. மனிதரிடம் தெரியப் போகவேண்டும் என்பது நேசமக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. சென்ற ஞாயிறு, செவன் கிங்ஸில் அவருடைய தங்கையைப் பார்க்கப் போனேன். அக்காவும் தங்கையும் மட்டும் இருந்த வீடு. வெயில் நன்றாக இருந்தது. எதிர்ப்புற நடைபாதையில், வீட்டுக்கு நேரே, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். உள்ளே ஒரு திரை அசைந்தது. பிறகு விலகியது. அவர் என்னைப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. தலையசைத்தார். அதன் பிறகுதான் நான் சாலையைக் கடந்தேன்.